ஒற்றை ஆளுக்கு வெட்டாத மெஷின்

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. நான் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் அதைவிட ஒரு படி மேலாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து சேர்ந்தது. அதில் பாதி பாசம், பாதி மிரட்டல். இரண்டையும் பத்திரமாக வாங்கிக்கொண்டேன்.

மாதக் கடைசிக்குள் ஒரு ஃபுட் பிராசஸர் வாங்கி, காய் வெட்டி, ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடுகிற வழியைப் பாருங்கள், இல்லாவிட்டால் வண்டி பிடித்து வந்து உங்களையும் உங்கள் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று எழுதியிருக்கிறாய். நீ சொன்னால் செய்கிறவள் என்று எனக்குத் தெரியும். உங்கள் குடும்பமே அப்படித்தான். ஆனால் இந்த வீட்டை விட்டு வர எனக்கு மனமில்லை. உன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் வராது, அதுதான் பயமாக இருக்கிறது. கட்டிலில் உட்கார வைத்து, டிவியைப் போட்டுவிட்டு, தட்டைக் கையில் கொடுத்துவிடுவாய். நானும் வாங்கி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அப்படியே ஒரு சாமான் மாதிரி உட்கார்ந்துவிடுவேன். இங்கே என்றால் குழாய் ஒழுகுகிறது, பிளம்பரை விரட்ட வேண்டும், மாடிப்படி பல்பு எரியவில்லை, அதற்கு ஒரு ஆளைத் திட்ட வேண்டும். திட்டுவதற்கு நாலு பேர் இருக்கிற வரைக்கும் ஒருத்தி காலையில் எழுந்திருப்பாள். அதனால் உன் மெஷின் விஷயத்தை ஏனோதானோ என்று விடாமல் நன்றாக ஆராய்ந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாததா, உன் அண்ணன் என் கையில் கத்தியைக் கொடுத்ததே இல்லை. சட்டைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். அடுக்கி வைத்த துணியை நூல் பிசகாமல் வெட்டுகிற மனுஷன். கல்யாணமான புதிதில் நான் பீன்ஸ் வெட்டுவதைப் பின்னால் நின்று பார்த்தார். ஒரு துண்டு நீளம், ஒரு துண்டு குட்டை. "என்ன இது, ஒரு கை முழுக்கை, ஒரு கை அரைக்கைன்னு சட்டை தெச்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் கத்தியை வாங்கினார். வாங்கினவர் வாங்கினவர்தான், திருப்பித் தரவே இல்லை. அன்றிலிருந்து அவர் வெட்டுவார், நான் அடுப்பைப் பார்ப்பேன். பூசணிக்காய்க்குத் தையல் சாக்கட்டியால் கோடு போட்டு வெட்டின ஆளை நீ வேறெங்காவது பார்த்திருக்கிறாயா? லீவு நாளில் வாரம் முழுவதற்கும் வெட்டி, டப்பா டப்பாவாக ஃப்ரீசரில் அடுக்கிவிடுவார். அவர் போன பிறகு அந்த டப்பாக்களில்தான் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன், மருந்து மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து. அதுவும் தீர்ந்தது. அதற்கப்புறம் வெட்டத் தேவையில்லாத சாமானாகப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தேன். முழு உருளைக்கிழங்கு, முழு முட்டை, முழு தக்காளி. நீ வந்தபோது என் தட்டைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, காய்க்கடைக் கூடைய அப்படியே கவுத்த மாதிரி இருக்கு?" என்றாயே, அப்போதே நீ மனசுக்குள் வண்டிக்குச் சொல்லிவிட்டாய் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

சரி, போய்த்தான் பார்ப்போமே என்று கடைவீதியில் இருக்கிற பெரிய கடைக்குப் போனேன். அங்கே டை கட்டின ஒரு ஆள் மெஷினை மேஜை மேல் வைத்து ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கூடை கேரட், தோல் சீவித் தயாராக. மேல் குழாயில் ஒவ்வொன்றாகத் தள்ளினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் கூடை காலி. சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். நான் மட்டும் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றேன். உன் அண்ணன் ஒரு கேரட்டைக் கையில் எடுத்தால் முதலில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், டீ கேட்பார், ரேடியோவைத் திருகுவார், கண்ணாடியைத் தேடுவார், அது அவர் நெற்றியிலேயே இருக்கும், அதற்கப்புறம்தான் கத்தி. இது ஒன்றும் கேட்காமல் வெட்டித் தள்ளிவிட்டது. நான் நின்ற நிலையைப் பார்த்து, விலையை நினைத்துத்தான் தயங்குகிறேன் என்று அந்த ஆள் நினைத்துக்கொண்டார். ஒரு வாரம் வீட்டில் வைத்து ஓட்டிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் பெட்டி ஆட்டோவில் ஏறிவிட்டது.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால் மெஷின் ஒன்றுதான், அதற்குப் பிள்ளைகுட்டிகள் ஏராளம். சீவுவதற்கு ஒரு தகடு, துருவுவதற்கு ஒரு தகடு, மாவு பிசைய ஒரு கொக்கி, எதற்கு என்று யாருக்குமே தெரியாத ஒரு சாமான் வேறு. ஒரே ஒரு வெங்காயத்தை உள்ளே போட்டு, மூடியை வைத்து, பொத்தானை அமுக்கினேன். அசையவில்லை. தட்டினேன், குலுக்கினேன், கெஞ்சினேன். பழக்கதோஷத்தில் உன் அண்ணனைத் திட்டினேன். கடைசியில் மூடியை இன்னும் கொஞ்சம் திருகினேன், டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், பேய் பிடித்த மாதிரி அது அலற ஆரம்பித்தது பார், நான் ஹாலுக்கு ஓடி வந்து நின்றேன். அடுத்த நிமிஷம் வாசலில் கீழ் வீட்டு டீச்சரம்மா. ஓய்வு பெற்ற பிறகும் அவருக்கு முகத்தில் பரீட்சை ஹால் போகவில்லை. "சுவத்தை இடிக்கிறதா இருந்தா கீழ ஒரு வார்த்தை சொல்லிட்டு இடிக்கக் கூடாதா?" என்றார். சுவர் இல்லை டீச்சர், வெங்காயம் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். துக்கத்தில் எனக்கு எங்கேயோ கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்.

மூடியைத் திறந்தோம். வெங்காயத்தில் பாதி கூழாகி ஓரமெல்லாம் ஒட்டியிருந்தது. மீதிப் பாதி, தனக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது போல முழுசாக ஒரு மூலையில் கிடந்தது. டீச்சரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மெஷினோடு வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தார். அந்தப் பாத்திரத்தில் கீழே ஒரு கோடு போட்டிருக்கிறதாம். காய் அந்தக் கோடு வரைக்கும் இருந்தால்தான் கத்தி ஒழுங்காக வெட்டுமாம். ஒரு ஆள் சாப்பிடுகிற காய் அந்தக் கோட்டுக்குக் கிட்டேகூட வராது. "இது குடும்பத்துக்கான மெஷின்ம்மா" என்று சொல்லிவிட்டு, சொன்ன வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டு, மூடி ரொம்ப உறுதியாக இருக்கிறது என்று மூடியைப் பாராட்ட ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் அதன் இஷ்டத்துக்கே போவோம் என்று கோஸ், கேரட், பீன்ஸ், வெங்காயம் எல்லாவற்றையும் கோடு வரைக்கும் போட்டு ஓட்டினேன். நான் எண்ணெயைக் காய வைப்பதற்குள் அது முடித்துவிட்டது. கொட்டிப் பார்த்தால் அம்பாரம். இருக்கிறதிலேயே பெரிய சட்டியை மேலே பரணிலிருந்து இறக்கி வதக்கினேன். காலையிலும் அதுதான், மதியமும் அதுதான், ராத்திரியும் அதுதான், குறைந்த பாடில்லை. டீச்சரம்மாவுக்கு ஒரு தூக்கு கொடுத்தேன். அவர் துண்டுகளைத் தட்டில் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்று போல ஒன்று இல்லை என்று பத்துக்கு ஆறு மார்க் போட்டார். காலமெல்லாம் விடைத்தாள் திருத்தினவர், சும்மா சாப்பிட வராது. மாடிப்படி பல்பு மாட்ட வந்த எலக்ட்ரீஷியனுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்துவிட்டு, "மெஸ் எப்ப ஆரம்பிச்சீங்க, பார்சல் உண்டா?" என்று கேட்டார். நான் திட்டுவதற்கு என்று வைத்திருந்த ஆள், என்னை ஒரு வார்த்தை திட்ட விடாமல் வாழ்த்திவிட்டுப் போய்விட்டார்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன், வாங்கலாமா வேண்டாமா என்று. நான் உன் அண்ணனையும் மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். வேகம் என்றால் மெஷின்தான், அதில் பேச்சே இல்லை. உன் அண்ணன் அரை கிலோ பீன்ஸுக்கு ஒரு சினிமா ஓடுகிற நேரம் எடுத்துக்கொள்வார். சத்தம் இரண்டுக்கும் ஒன்றுதான், மெஷின் வேலை செய்யும்போது கத்தும், அவர் தூங்கும்போது. ஆனால் கழுவுவது என்று வந்தால் மெஷின் தோற்றுவிடும். ஒரு வெங்காயத்தை வெட்டிவிட்டு ஒரு தொட்டி சாமானைக் கழுவப் போடுகிறது, அந்தத் தகட்டைக் கழுவும்போது அது என்னையும் சேர்த்து வெட்டப் பார்க்கிறது. உன் அண்ணன் கத்தியையும் பலகையையும் தானே கழுவி, துடைத்து, வைத்துவிடுவார். அவரால் எனக்குக் கழுவ மிச்சம் ஒரு டீ டம்ளர்தான். அப்புறம் மெஷினுக்கு வாய் கிடையாது. இது ஒரு வசதி என்றுதான் முதலில் நினைத்தேன். உப்பு அதிகம் என்று சொல்லாது, உங்கம்மா செய்வதுபோல இல்லை என்று சொல்லாது. ஆனால் "இன்னைக்கு என்ன, பொடிசாவா பெருசாவா?" என்றும் கேட்காது. அவர் தினமும் கேட்பார். நான் எதைச் சொன்னாலும் அவர் நினைத்த மாதிரிதான் வெட்டுவார், அது வேறு கதை. கேட்பார். இந்த மெஷின் கேட்காமலே இருக்கிறதே என்று மூன்றாம் நாள் நானாகவே அதனிடம், "பொடிசாவே போடுங்க" என்று சொல்லிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் டீச்சரம்மா தூக்கைத் திருப்பிக் கொடுக்க வந்து வாசலில் நிற்கிறார். காதில் விழாத மாதிரி தூக்கைப் படியில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கிப் போய்விட்டார். நல்ல மனுஷி.

வாரம் முடிந்து கடைக்காரர் வந்தார், டை இல்லாமல். அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். கோடு, சத்தம், கழுவல், அந்த எதற்கென்று தெரியாத சாமான், ஒன்று விடவில்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, "வீட்டுல எத்தனை பேரும்மா?" என்றார். ஒருத்திதான் என்றேன். "அப்ப இது உங்களுக்கு வேண்டாம்மா. ஒரு கத்தி போதும்" என்றார். விற்க வந்தவரே வேண்டாம் என்று சொன்ன பிறகு மேலே ஆராய்ச்சி எதற்கு? பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆக முடிவு இதுதான். ஃபுட் பிராசஸர் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற வீட்டுக்கு நல்ல சாமான், உனக்கு வேண்டுமானால் வாங்கிக்கொள். எனக்குத் தேவையில்லை. உன் அண்ணன் கத்தி அலமாரியில் இருக்கிறது. அதை எடுத்து நானே வெட்டிச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன். கோணலாக வந்தால் என்ன, வயிற்றுக்குள் போய் யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்? உடம்பு தேறிவிட்டது, மனசும் தெளிந்துவிட்டது. ஆகவே வண்டி தேவைப்படாது.

உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நன்றாகச் சாப்பிட்டு, உன்னை மாதிரி யாரையும் மிரட்டாமல் பெரியவர்களாக வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
என்றும் உன் அண்ணி

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் டீச்சரம்மாவிடம் படித்துக் காட்டினேன், தப்பு இருந்தால் திருத்துவார் என்று. முழுவதும் கேட்டுவிட்டு, "தப்பு ஒண்ணும் இல்ல. நடந்தது மட்டும் இல்ல" என்றார். அதனால் எழுதுகிறேன். வீட்டில் எத்தனை பேர் என்று கடைக்காரர் கேட்டபோது ஒருத்தி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ரெண்டு பேரு" என்று வந்துவிட்டது. அவரும் ரெண்டு பேருக்கு இது தாராளம் என்று ரசீது போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மெஷின் அடுப்பு மேடையில்தான் இருக்கிறது. தினமும் ஓட்டுகிறேன், டீச்சரம்மாதான் பாவம், சாப்பிட்டுச் சாப்பிட்டு மார்க்கை எட்டாக்கிவிட்டார். கத்தியை நான் எடுக்கவில்லை. அவர் துடைத்துச் சுற்றி வைத்த துணியோடு அப்படியே இருக்கிறது, என்னால் அதைப் பிரிக்க முடியவில்லை. உன் கணக்குப்படி மாதக் கடைசிக்குள் மெஷின் வாங்கியாகிவிட்டது, அதனால் என்னை ஏற்ற உனக்கு இனி வழியில்லை. வண்டி பேசிவிட்டாய் என்றால் அதை வீணாக்காதே, நீ ஏறி வா. மெஷின் எப்படி ஓடுகிறது என்று பார்க்க அந்த ஆள் அடுத்த வாரம் வருகிறாராம். அப்போது வீட்டில் ரெண்டு பேர் இருந்தாக வேண்டும்.