கொட்டாயில் பார்த்த பெண்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபாத் வரை அறுபதுகளில் நடந்த கல்யாணங்களில் பாதிக்கு முடிச்சுதான் பொறுப்பு. மீதிப் பாதி அவருக்குத் தெரியாமல் நடந்துவிட்டது. முடிச்சு என்பது ஊர் வைத்த பெயர்; கல்யாணத் தரகர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். மனிதர்களை ஒற்றையாகப் பார்க்கத் தெரியாதவர். எழவு வீட்டுக்கு மாலையோடு வந்தால், பாடை தூக்குமுன்பே, பெண்டாட்டியைப் பறிகொடுத்தவரின் வயதை விசாரித்துவிடுவார். ஒருமுறை அதற்காக அறைகூட வாங்கினார். "கேட்டது தப்புதான். ஆனா நாப்பத்திரெண்டுதானாம், தெரிஞ்சிக்கினேன்" என்றார் கன்னத்தைத் தடவிக்கொண்டே.

பென்னலூரில் எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது என் அக்கா வள்ளிக்காக. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அக்காவுக்கு இடது கால் சூம்பிப் போயிருந்தது. ஏழு பேர் பெண் பார்க்க வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் காப்பித் தட்டோடு கூடத்தில் நடந்து வர வேண்டும். ஏழு பேரும் காலைப் பார்த்தார்கள், பஜ்ஜியைத் தின்றார்கள், போய்ச் சேர்ந்தார்கள். ஏழு தடவையும் என்னைப் பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மூத்தவளைப் பார்க்க வருகிறவன் கண்ணில் இளையவள் பட்டுவிடக் கூடாதே! நான் அங்கே உட்கார்ந்து அவர்களுக்குப் புளியில் கொட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

அந்தச் சமயத்தில் ஸ்ரீபெரும்புதூர் டூரிங் கொட்டாய்க்குத் தமிழ்ப் படப் பெட்டி வராமல், யாரோ மாற்றி அனுப்பிய பழைய இங்கிலீஷ் படம் வந்துவிட்டது. வெள்ளைக்காரக் கிராமம் ஒன்றில் ஒரு குண்டு அம்மாள், ஊரில் இருக்கிற ஒண்டிக்கட்டைகளுக்கெல்லாம் ஜோடி சேர்த்துவைக்கிற சிரிப்புப் படம். ஒரு வார்த்தை புரியாமல் ஜனங்கள் எழுந்து போனார்கள். முடிச்சு மட்டும் மூன்று நாள் விடாமல் பார்த்தார். நாலாம் நாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"அண்ணாத்தே, வெள்ளக்காரன் நடக்க வுட்டா பொண்ணு பாக்கறான்? சர்ச்சுல ஒக்காந்துகினு மொகத்த மொகம் பாத்துக்கறாங்க, அவ்ளோதான். நம்ம பொண்ண கொட்டாயில ஒக்கார வெச்சு காட்டலாம். வாலாஜாபாத் ரைஸ் மில்லுல ஃபிட்டரு ஒருத்தன் கீறான். கால பத்தி அவங்கம்மா கிட்ட மறைக்காம சொல்ட்டேன். மொதல்ல மொகத்த பாக்கட்டும்."

அப்பா சம்மதித்தார். அன்று சாயங்காலம் அக்கா சிரித்துக்கொண்டே தலை வாரினாள். "நீயும் வாடி, சினிமா பாத்துட்டு வரலாம்" என்றாள். காப்பித் தட்டு இல்லை, பஜ்ஜி இல்லை. அதனால் என்னை ஒளித்துவைக்க வேண்டும் என்பது அம்மாவுக்கும் தோன்றவில்லை, இத்தனை வருஷத் தரகருக்கும் தோன்றவில்லை.

பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்தோம். இடைவேளையில் விளக்குப் போட்டதும் நான் எழுந்து போய் முறுக்கு வாங்கி வந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் தன் அம்மாவோடு இருந்த ஃபிட்டர், நொண்டி என்று சொன்ன பெண் இவ்வளவு நன்றாக நடக்கிறாளே என்று பூரித்துப்போனாராம். பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார்.

மறுநாளே பெண் பிடித்திருப்பதாகச் செய்தி வந்தது. நிச்சயதார்த்தம் வரைக்கும் அக்கா பாடிக்கொண்டேதான் வேலை செய்தாள்.

நிச்சயத்தன்று என்னை மறக்காமல் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா பட்டுப்புடவையில் வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா முழித்தாள்.

"இன்னாய்யா தரகரே, இது யாரு? கொட்டாயில முறுக்கு வாங்கிகினு போச்சே, அந்தப் பொண்ணு எங்க?"

அப்பா முடிச்சைப் பார்த்தார். முடிச்சு தரையைப் பார்த்தார். அப்பாவே, "ரெண்டுல ஒண்ணாவது கரையேறட்டும்" என்றார்.

என்னைக் கூப்பிட வந்தது அக்காதான். காலை இழுத்துக்கொண்டு வந்து, என் புளிக் கையைக் கழுவிவிட்டு, தன் தலையிலிருந்த பூவை எடுத்து எனக்கு வைத்தாள். "வாடி. உன்னத்தான் கேக்கறாங்க." நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. கொட்டாயில் பார்த்தபோதே எனக்கும் அவரைப் பிடித்திருந்தது.

என் கல்யாணத்தில் முடிச்சு சாப்பிடவில்லை. எல்லோரும் பார்க்க அக்கா காலில் விழுந்தார். "அந்தப் படத்துல கடேசில எல்லாருக்கும் ஜோடி கெடச்சுதேம்மா" என்று அழுதார். "உனக்கு முடிக்காம இனிமே எவனுக்கும் முடிக்க மாட்டேன்."

நிஜமாகவே தொழிலை விட்டார். பெண்ணைப் பெற்றவர்கள் வந்து கெஞ்சியும் மசியவில்லை. வாலாஜாபாத் சந்தையில் மூட்டை தூக்கிப் பிழைத்தார். அக்காவுக்கு மட்டும் மாதம் ஓர் ஆளைக் கூட்டி வந்தார். பல்லே இல்லாத ஒருவர். மூன்று பெண்டாட்டிகளை மேலே அனுப்பிவைத்த ஒருவர். காது கேட்காத ஒருவர், எதற்கு வந்திருக்கிறோம் என்றே தெரியாமல் இரண்டு தட்டு பஜ்ஜியை முடித்துவிட்டு, மாப்பிள்ளை எப்போ வருவார் என்று அப்பாவிடம் கேட்டார். அக்காவே சிரித்துவிட்டாள்.

"அண்ணே, போதும். ஆள கூட்டிகினு வராதீங்க. நீங்க மட்டும் வாங்க, காப்பி தரேன்" என்றாள்.

பத்து வருஷம் அப்படியே வந்தார். ஒவ்வொரு முறையும் டம்ளரைக் கீழே வைக்கும்போது, "தப்பு பண்ணிட்டேம்மா" என்பார். "சரி அண்ணே" என்பாள் அக்கா.

அவர் செத்தபோது, அவர் சேர்த்துவைத்த அத்தனை ஜோடிகளில் ஒரே ஒரு ஜோடிதான் வந்தது. நானும் என் வீட்டுக்காரரும். அக்கா எங்களுக்கு முன்பே வந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஊரெல்லாம் அவரைக் கிறுக்கன் என்றது. அந்தக் கிறுக்கன் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் பத்து வருஷம் நடந்து வந்தார். நான் இன்றுவரை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவரை நினைத்தால் எனக்குப் பிரியமாக இருக்கிறது, பொறாமையாகவும் இருக்கிறது.