சர்வருக்கு ஒரு வாரிசு

பிறப்புச் சான்றிதழ் அலுவலகத்தின் பழைய கணினி சர்வர் சென்ற வருடமே முறைப்படி பணி ஓய்வு பெற்றுவிட்டது. புதிய சர்வர் வாங்குவதுதான் இப்போதைய நாகரிகம் என்பதால் பழையதற்கு விழா எடுத்தார்கள். இயக்குநர் அதன் நேர்மையைப் புகழ்ந்து பேசினார். ஆனால் புதியது வந்து சேரவில்லை. ஆகவே ஓய்வு பெற்றது, ஓய்வு பெற்ற நிலையிலேயே ராப்பகலாக உழைத்தது.

திங்கட்கிழமை அது நின்றுபோனது. தற்காலிகப் பணியாளராகவே தலை நரைத்துவிட்ட கணினி மெக்கானிக் பெட்டியைத் திறந்து பார்த்தார். டிஸ்க்குகள் எல்லாம் நலம். ஊராரின் பிறந்த தேதிகள் அவற்றில் பத்திரமாக இருந்தன. தகவலின் எந்தத் துண்டு எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று அறிந்த ரெய்டு கன்ட்ரோலர் கார்டு மட்டும் கருகியிருந்தது. பழைய சாமான் கடைகளில் நாயாய் அலைந்து அதே மாடல் கார்டைப் பிடித்துவந்தார். இதைச் சரிசெய்து காட்டினாலாவது நிரந்தரம் ஆக்கமாட்டார்களா என்று ஒரு நப்பாசை. வீட்டில் மனைவி தினமும் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான்.

"பத்து நிமிஷ வேலை சார். மாட்டிடலாமா?"

இயக்குநர் பதறினார். "ஓய்வு பெற்றவர் உடம்புல கை வைக்கிறதா? டாக்டர் பார்க்காம உறுப்பை மாத்தக் கூடாதுய்யா!"

"சார், அது மெஷின்."

"விழாவுல நீயும்தானே கைதட்டின?"

மெக்கானிக்கும் தட்டித்தான் இருந்தார். நன்றாகவே தட்டியிருந்தார்.

அலுவலக மருத்துவர் வந்தார். தகரப் பெட்டியின்மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்மூடிக் கேட்டார்.

"துடிப்பு இல்லை."

"நான்தான் கரன்ட்டை நிறுத்தி வச்சிருக்கேன் டாக்டர்."

"அது என் துறை இல்லை" என்று சொல்லி, இயற்கை மரணம் என அறிவித்தார்.

அலுவலகமே எழுந்து நின்று மௌனம் காத்தது. வெளியே வரிசையில் நின்ற மக்களும் காரணம் தெரியாமல் மௌனம் காத்தார்கள். அங்கே அவர்கள் வழக்கமாகச் செய்வதும் அதுதான்.

இயக்குநர் மூக்கை உறிஞ்சினார். "ஓய்வுக்குப் பிறகும் வேலை செஞ்சதால, பணியில இருக்கும்போதே இறந்ததாத்தான் கணக்கு. கருணை அடிப்படையில வாரிசுக்கு நிரந்தர வேலை தரணும். வாரிசு யாரு?"

"கடைசிவரைக்கும் கூட இருந்து பார்த்துக்கிட்டது இவர்தான் சார்" என்று மெக்கானிக்கைக் காட்டினார் தலைமை எழுத்தர்.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். கையில் அந்தக் கார்டு. மாட்டினால் சர்வர் எழுந்துவிடும். எழுந்துவிட்டால் வாரிசு எதற்கு?

"நான்தான் சார் வாரிசு" என்றார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது.

மறுநாள் சர்வரின் பணியில் அவர் நிரந்தரமாக அமர்ந்தார். கேட்பவருக்குப் பிறந்த தேதி சொல்வதுதான் வேலை. ஆளைப் பார்த்து உத்தேசமாகச் சொன்னார், வயதைக் கொஞ்சம் குறைத்தே சொன்னார். ஒரு புகாரும் வரவில்லை. சிலர் நன்றி சொல்லிவிட்டு, மறுபடி வரிசையில் போய் நின்றார்கள்.

ஆனாலும் வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. "மனசு உறுத்துதும்மா. நாளைக்கே கார்டை மாட்டிடப் போறேன்."

மனைவி முறைத்தாள். "இன்னிக்கு எங்க அக்காவுக்கு அஞ்சு வயசு குறைச்சீங்களாமே? அப்போ இப்ப நான் அவளுக்கு அக்காவா?"

"வரிசையில யாருன்னு கவனிக்கலை..."

"நாளைக்கு நானும் வர்றேன். அதுவரைக்கும் அந்தக் கார்டை டிராயர்ல வச்சுப் பூட்டுங்க!"