தர்மன் ஏறிய தராசு

"அசையாதீங்கப்பா. நீங்க அசைஞ்சா கம்பி ஆடுது."

விறகு நிறுக்கிற இரும்புத் தராசின் மேல் தர்மன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். மகன் அஜித் குனிந்து, கம்பியில் இருந்த குண்டை ஒவ்வொரு கோடாகத் தள்ளினான். மனைவி அலமு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகளைக் கட்டிய மாப்பிள்ளை மணிவண்ணன் போனில் படம் பிடித்தான்.

அஜித் வீட்டுக்கு வாங்கி வந்த, எடை பார்க்கிற கண்ணாடி மெஷின், தர்மன் ஏறியதும் ஏதோ இங்கிலீஷ் எழுத்தைக் காட்டி அணைந்துபோனது. "பேட்டரி போட்ட சாமான் எதுவும் உண்மை பேசாதுடா" என்று தர்மன் சிரித்தார். சிரித்தது தப்பு. "அப்ப உங்க தராசுலயே ஏறுங்க" என்று எல்லாரும் அவரை அவருடைய விறகு மண்டிக்கே இழுத்து வந்துவிட்டார்கள்.

"நூத்திப் பதினெட்டு" என்றான் அஜித்.

"ஐயோ, ரெண்டு ஆளு!" என்றாள் அலமு.

மணிவண்ணன் போனைப் பைக்குள் போட்டான். மருந்து கம்பெனியில் வேலை. கழுத்தில் டை கட்டியவன் சொல்கிறான் என்பதற்காகவே அந்த வீட்டில் அவன் பேச்சு எடுபட்டது.

"இனிமே யோசிக்கவே கூடாது மாமா. ஆபரேஷன் பண்ணி வயித்தைச் சின்னதாக்கிடுவாங்க. நாலஞ்சு ஓட்டைதான். தையல்கூட தெரியாது."

"அப்புறம் எத்தினி குடலை இட்லி துன்னலாம்?"

"பாதி."

"பாதி குடலையா?"

"பாதி இட்லி மாமா."

தர்மனுக்குக் கண் இருட்டியது. மூங்கில் குடலையில், மந்தாரை இலை சுற்றி வெந்த இட்லி. மிளகும் சுக்கும் நெய்யும் போட்டது. அதில் பாதியை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன பண்ணுவான்? மோந்து பார்ப்பானா?

ஆனால் அவர் பயப்படவில்லை. அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. அந்தத் தராசு பொய் சொல்கிறது.

தட்டுக்கு அடியில் ஒரு திருகு உண்டு. மண்டி போட்ட புதிதில் தர்மன் அதை வலப்பக்கமாக ரெண்டு சுத்து சுத்தி வைத்தார். எதை ஏற்றினாலும் பத்து கிலோ கூடக் காட்டும். ஊரில் எல்லாப் பயலும் ஏமாத்துறான், நாம மட்டும் ஏன் இளிச்சவாயனா இருக்கணும் என்பது அவர் நியாயம். காலித் தட்டில் கம்பி நேராக நிற்கிறதா என்று பார்க்கிற ஆள் காஞ்சிபுரத்தில் கிடையாது. தர்மனே பார்ப்பது கிடையாது. ஆக அவருடைய நிஜ எடை நூத்தி எட்டுதான்.

அலமுவே அவருக்கு வழி எடுத்துக் கொடுத்தாள். "ஏங்க, ஒருவேளை தராசு கூடக் காட்டுதோ என்னமோ?"

ஆமாம் என்று சொல்ல தர்மன் வாயைத் திறந்தார். எதிரே சாயப்பட்டறை சத்யராஜ் நின்றுகொண்டிருந்தான். பட்டு நூலுக்குச் சாயம் காய்ச்ச மாசாமாசம் வண்டி வண்டியாகச் சவுக்கு விறகு எடுக்கிறவன். அப்போதுதான் எடை போட்டு முடித்து, கட்டை கட்டையாக வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். அடுக்குவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்த, தராசுல கோளாறா?"

"என் தராசுலயா?" தர்மன் கர்ஜித்தார். "எவன் சொன்னது? ஒரு குந்துமணி எடை கூடக் குறைய காட்டாது இது! நூத்திப் பதினெட்டுன்னா நூத்திப் பதினெட்டுதான்!"

"அவரே ஒத்துக்கினாரு" என்றான் மணிவண்ணன். "நூத்திப்பத்துக்குக் கீழ இருந்தா பத்தியச் சாப்பாடு போதும்னு டாக்டர் சொல்லியிருக்கார். உங்களுக்கு அந்தப் பேச்சே இல்ல."

"ஒரு வாரம் குடு. கீழ வந்து காட்டறேன்."

"வரலன்னா?"

"நானே நடந்து வந்து படுத்துக்கறேன். வரதராஜப் பெருமாள் மேல சத்தியம்."

எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் தர்மன் தரையில் மல்லாந்து படுத்தார். தட்டுக்கு அடியில் கையை விட்டார். கை எட்டியது, வயிறு விடவில்லை. மூச்சை வெளியே விட்டு, விட்ட மூச்சை இழுக்காமல், திருகை இடப்பக்கமாக ரெண்டு சுத்து சுத்தினார். அப்புறம் எழுந்திருக்க முடியவில்லை.

"இன்னா மொதலாளி, அடியில போயி?" மண்டியில் விறகு நிறுத்துப்போடுகிற துளசி, சோத்துக் கிண்ணத்தோடு நின்றாள்.

"எலி. எலி ஒண்ணு ஓடிச்சி."

துளசி அவரைப் பார்த்தாள். தராசைப் பார்த்தாள். "தராசை ஒண்ணும் பண்ணிடாதீங்க மொதலாளி. அது நல்லாத்தான் இருக்குது."

"எனக்கே சொல்றியா? கையைப் புடிச்சித் தூக்கு."

அந்த வாரம் விடிந்தால் தர்மன் நடைக்குக் கிளம்பினார். வீட்டுத் தெரு திரும்புகிற வரைக்கும் நடந்தார். அப்புறம் ஆட்டோ. கோயில் வாசலுக்குப் பக்கத்துக் கடையில் ரெண்டு குடலை இட்லி. திரும்பி வரும்போது தெருமுனையில் இறங்கி, குழாயடியில் சட்டையை நனைத்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி வீட்டுக்குள் நுழைந்தார்.

"வேர்வையைப் பாருடா, பாவம்" என்றாள் அலமு.

மண்டியிலோ கூட்டம் தாங்கவில்லை. சத்யராஜ் நாள் விட்டு நாள் வந்தான். வேறு பட்டறைக்காரர்களைக் கூட்டி வந்தான். முகூர்த்தக் காலம், கல்யாணச் சமையல்காரர்கள் மாகறலில் இருந்தெல்லாம் டெம்போ பிடித்து வந்தார்கள். "அண்ணன் கடை விறகு இந்த வாட்டி ரொம்ப நேரம் நின்னு எரியுதுபா" என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள்.

தர்மனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "பாத்தியாடா, நேர்மையா இருந்தா வியாபாரம் தானா வரும்" என்று அஜித்துக்குப் புத்தி சொன்னார். இந்தப் புத்தி தனக்கு முன்னாடியே வரவில்லையே என்று கொஞ்சம் வருத்தப்பட்டார். கொஞ்சம்தான்.

வாரம் முடிந்ததும் அதே தராசில், அதே ஆட்கள் முன்னால் ஏறி நின்றார்.

"நூத்தி எட்டு" என்றான் அஜித். குனிந்து கோட்டை மறுபடி எண்ணிப் பார்த்தான்.

தர்மன் மீசையைத் தடவினார். யாராவது கை தட்டுவார்கள் என்று பார்த்தார். அலமு ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"ஏண்டி அழற? ஜெயிச்சிட்டேன்டி!"

"ஒரே வாரத்துல பத்து கிலோ! எங்க சித்தப்பா இப்படித்தாங்க திடீர்னு எளைச்சாரு. ரெண்டே மாசம்."

"அத்தை சொல்றது சரி" என்று மணிவண்ணன் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். "இது நல்ல அறிகுறி இல்ல. ரத்தம், ஸ்கேன் எல்லாம் உடனே பாக்கணும்."

"டேய், எனக்கு ஒண்ணும் இல்லடா. நடந்தேன்டா!"

"நடந்து யாருக்கும் பத்து கிலோ இறங்காது மாமா. உள்ள ஏதோ இருக்குது."

ஆபரேஷன் மட்டும் என்று இருந்தது, இப்போது ரத்தம், ஸ்கேன், குழாய் என்று வளர்ந்துவிட்டது. வரமாட்டேன் என்று விறகு அடுக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுக்கு சரிந்தது. சரிந்த கட்டை காலில் விழுந்து கட்டைவிரல் வீங்கியது. "கால் வேற வீங்குது!" என்று அலமு இன்னும் பெரிதாக அழுதாள். அதோடு அவரைக் காரில் ஏற்றிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் முதல் வேலையாக எடை மெஷினைக் காட்டினாள். தர்மன் நொண்டிக்கொண்டே, ஆனால் கம்பீரமாக ஏறினார். நூத்தி எட்டு. எங்கே போனாலும் அதே நூத்தி எட்டு.

"நூத்திப் பதினெட்டு" என்றாள் நர்ஸ்.

"இன்னாது?"

"நூத்திப் பதினெட்டு ஐயா. இறங்குங்க."

தர்மன் இறங்கவில்லை. குனிந்து மெஷினுக்கு அடியில் பார்த்தார். "யம்மா, உண்மையைச் சொல்லு. எந்தப் பக்கம் திருகி வச்சிக்கினு இருக்கீங்க?"

"என்ன திருகு?"

"எனக்குத் தெரியாதா? ஆளைப் புடிச்சி வயித்தை அறுக்கறதுக்கு எடையைக் கூட்டிக் காட்டறீங்க! இது நம்ம தொழில்ல..." என்று ஆரம்பித்து, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அஜித் நெற்றியைச் சுருக்கினான். "அங்க நூத்தி எட்டு, இங்க நூத்திப் பதினெட்டு. ஏதோ ஒரு தராசு பொய்யிப்பா."

"இது பொய்யி!"

"நம்மளுதா இருந்தா?"

தர்மன் சிரித்தார். திருகைச் சரி பண்ணியாகிவிட்டது. இன்றைக்கு அந்தத் தராசை எவன் சோதித்தாலும் பயமில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவருக்குத் தன் தராசின் மேல் முழு நம்பிக்கை இருந்தது.

"வண்டியைத் திருப்புடா. வழியில அரிசி மூட்டை ஒண்ணு வாங்கு, கட்டுப் பிரிக்காத இருபத்தஞ்சு கிலோ மூட்டை. ஊரைக் கூட்டி வச்சி நிறுப்போம். என் தராசு பொய்யின்னா, இன்னிக்கே என் வயித்தை அறுத்துக்குங்க."

"பேச்சு மாறக்கூடாது மாமா."

"தர்மன் பேச்சு மாற மாட்டான்."

மண்டியில் கூட்டம் ரெடியாக இருந்தது. சத்யராஜ் வந்திருந்தான். சமையல்காரர்கள் இருந்தார்கள். துளசி கம்பிக்குப் பக்கத்தில் நின்றாள். அஜித் மூட்டையைத் தட்டின் மேல் வைத்தான். தர்மன் இடுப்பில் கை வைத்து எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சத்தமா படி துளசி."

துளசி குண்டைத் தள்ளினாள். கம்பி ஆடி நின்றது.

"பதினஞ்சு, மொதலாளி."

எல்லாரும் குனிந்து கம்பியைப் பார்த்தார்கள். சத்யராஜ் மட்டும், தன் வண்டியில் ஏற்றிய விறகை யாரும் திரும்ப எடை போட்டுவிடக்கூடாது என்பது போல, மெதுவாக அதன் முன்னால் போய் நின்றுகொண்டான்.

"அரிசிக்காரன்!" தர்மன் கத்தினார். "வாலாஜாபாத் மில்லுக்காரன் பத்து கிலோ அடிச்சிட்டான்டா! திருட்டுப்பய!" கத்திக்கொண்டே துளசியின் காதருகே குனிந்தார். குரல் இறங்கிவிட்டது. "ஏம்மா, வலப்பக்கம் ரெண்டு சுத்து ஏறியிருந்துச்சி. அதை எடப்பக்கம் ரெண்டு சுத்து இறக்கினேன். சரியாத்தானே இருக்கணும்?"

துளசி குரலை இறக்கவில்லை.

"நீங்க ஏத்தி வச்ச ரெண்டு சுத்தை நான் வேலைக்கு வந்த அன்னிக்கே இறக்கிட்டேன் மொதலாளி, மறுபடியும் நீங்க அடியில போயி இறக்கினப்ப ஊருக்குப் பத்து கிலோ சும்மா குடுக்கறதா ஏதோ பெருமாளுக்கு வேண்டுதல்னு நெனச்சிக்கினேன்!"