மாமி ஓம் என்றால் நரியைப் பிடிக்கலாம்

நோபல் பார்க், மெல்பேர்ண்
ஆவணி, 1974

அன்பும் மதிப்பும் மிக்க மாமி அவர்கட்கு,

மருமகன் சிறிதரன் எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் வலியும் மாமாவின் கோபமும் தணிந்திருக்க நல்லூரானை வேண்டுகிறேன். இங்கே நான் சுகம். பின்வளவில் ஒரு நரி என்னைவிடச் சுகமாக இருக்கிறது. அது சம்பந்தமாக உங்களிடம் ஓர் அனுமதி கேட்கவே இக்கடிதம்.

விமலா கண்ணை மூடிய பிறகு நீங்கள் எழுதியபடியே ஞாயிறுதோறும் அவளுக்கு விருப்பமான இறால் பொரியலும் சோறும் படைத்து, பின்வளவில் காகத்துக்கு வைத்து வந்தேன். இங்குள்ள காகத்துக்கு வெள்ளைக் கண், ஒருவரையும் நம்பாது, மதிலில் இருந்து என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஆனாலும் விடிய எழும்பிப் பார்த்தால் தட்டு கழுவி வைத்தது போல இருக்கும். "பிள்ளை சாப்பிட்டாளோ?" என்று நீங்கள் கேட்ட போதெல்லாம் "ஓம் மாமி, ஒரு பருக்கை மிச்சமில்லை" என்று எழுதினேன். அதை நம்பித்தான் நானும் காற்சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன்.

இப்படி இருக்கையில் பக்கத்து வீட்டு டொரீன் வந்தா. அவ எங்கள் வீடுகளுக்குப் பின்னால் உள்ள சதுப்புப் பற்றையில் வாழும் பாண்டிக்கூட் என்ற பிராணியைக் காப்பாற்றும் சங்கத்தின் செயலாளர். பாண்டிக்கூட் என்றால் முயலுக்கும் எலிக்கும் இடைப்பட்ட ஒன்று, நீட்டு மூக்கு, வயிற்றுப் பையில் குட்டி, இந்த நாட்டின் சொந்தக் குடி. நரி அப்படியல்ல. குதிரையில் ஏறி வேட்டையாட ஆசைப்பட்டு வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து விட்டது. இப்போது அது பாண்டிக்கூட்டைக் குட்டியோடு தின்கிறது. டொரீன் கோழித்தலை போட்டுக் கூண்டு வைத்துப் பார்த்தா, நரி எட்டியும் பார்க்கவில்லை. "நீ எஞ்சினியரெல்லே, ஏதாவது செய்யன்" என்றா. (அவ கதைத்தது இங்கிலீசில், உங்களுக்காக எங்கள் தமிழில் எழுதுகிறேன்.)

மின்கம்பியில் பழுது வந்தால் துண்டு துண்டாகச் சோதித்து இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். அதே முறையில் வேலியோரமெல்லாம் மணல் பரப்பி, தடம் விழாத துண்டைத் தள்ளி, விழுந்த துண்டைப் பிடித்துக்கொண்டே வந்தேன். என்னோடு வேலை செய்யும் மகேந்திரராஜா அண்ணையும் துணைக்கு வந்தார். ஒரு திங்கள் காலை தடம் நூல் பிடித்தது போலத் தெளிவாகக் கிடந்தது. நான் முன்னால், சங்கத்தார் சப்பாத்துச் சேற்றோடு பின்னால், முட்டைக்கோவாத் தோட்டத்துக்குள்ளால், முள்வேலிக்குக் கீழால். "யாரோ ஒரு மடையன் இதுக்கு ஒழுங்காச் சாப்பாடு போடுறான். ஆளைக் காட்டுறன், வாங்கோ!" என்று நான் பிரசங்கமே வைத்தேன். ஒரு கிழவர் கைகூடத் தட்டினார். தடம் ஒரு மரப்படலையைத் தாண்டி உள்ளே போய், ஒரு தட்டுக்கு முன்னால் நின்றது.

"இது உன்ர வீடெல்லே?" என்றா டொரீன்.

"ஓம்."

"தட்டு?"

"தட்டு என்ர. சாப்பாடு என்ர மனிசியின்ர."

விமலாவின் இறுதிச் சடங்குக்குப் பூவோடு வந்து நின்றவ அவ. குனிந்து தட்டை மணந்து பார்த்தா. "என்ன சமைச்சனீ?"

"இறால் பொரியல்."

"கடவுளே! இதுக்குப் போட்டியா நான் கோழித்தலை வைச்சனான்!"

மகேந்திரராஜா அண்ணை உடுப்புக் காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். "டேய், ஊரில காகம் வரேல்லையெண்டு அழுவினம். உனக்கு நரியெல்லோ வந்து பந்தியில குந்தியிருக்கு!" எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது மாமி, மன்னிக்கவேணும். அவள் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். நிற்பாட்டத் தெரியாமல் புல்லில் குந்திவிட்டேன். டொரீன் தண்ணீர் கொண்டுவந்து தந்தா.

இப்போது சங்கத்தின் தீர்மானம், இனிமேல் ஞாயிற்றுப் படையலைக் கூண்டுக்குள் வைக்கவேண்டும் என்பது. வைத்தால் உங்கள் மகளின் சாப்பாடு பொறியாகிவிடும். வழக்கம் போல வெளியே வைத்தால் பற்றையில் குட்டிகள் மிஞ்சாது. வைக்காமல் விட்டால் பிள்ளை பசியோடு நிற்பாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கூரைக்கு மேல் வைக்கலாம் என்று மகேந்திரராஜா அண்ணை ஏணி கொண்டுவந்து, தானே விழுந்து, இப்போது நொண்டுகிறார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீங்கள் ஓம் என்றால் ஓம்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எனக்கு மட்டும் போதும், நரிக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
அன்பு மருமகன்
சிறிதரன்

பி.கு.: தபால் கந்தோருக்குப் போகப் பிந்திவிட்டது, அதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. சமைத்தேன். கூண்டுக்குள் வைக்க மனம் வரவில்லை, வெளியே வைக்கக் கை வரவில்லை. குசினியில் நின்றபடி நானே சாப்பிட்டேன். மாமி, உப்பே இல்லை! படையலை வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது என்பதால் இத்தனை ஞாயிறும் அவளுக்கு உப்பில்லாமலே கொடுத்திருக்கிறேன். நரி ஒரு குறையும் சொல்லவில்லை. அன்றிரவு அது வந்து பார்த்து, தட்டைக் காணாமல், பசி பொறுக்காமல், டொரீனின் கோழித்தலைக் கூண்டுக்குள் தானாகவே போய் மாட்டிக்கொண்டது. ஆகையால் அனுமதி ஒன்றும் வேண்டாம். இறால் பொரியலுக்கு விமலா எவ்வளவு உப்புப் போடுறவள் என்று மட்டும் உடனே எழுதுங்கள். இனி ஞாயிறுதோறும் நான் சாப்பிடவேண்டும்.