என் கிட்டார் மேல் விழுந்த ஜெபம்

ஓடுகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தலாம். கல்யாணத்தைக் கடைசி நிமிஷத்தில் நிறுத்தியவர்கள்கூட உண்டு. ஆனால் எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பெரிய மனிதர் கண்ணை மூடி, "அன்பின் பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்துவிட்டால் எவனாலும் நிறுத்த முடியாது. அடுப்பில் பால் பொங்கினாலும் தலைகுனிந்து நிற்க வேண்டியதுதான். ஜெபத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இந்த நிறுத்தக்கூடாத வழக்கத்தின் மேல்தான் கோபம். அது இன்னும் ஆறவில்லை, ஆறுவதாகவும் இல்லை.

நான், கல்லூரித் தோழன் செல்வின், டிரம்ஸ் அடிக்கும் ராஜன். மூவரும் சேர்ந்து ‘யோர்தான் ரைடர்ஸ்’. (ரைடர்ஸ் என்று பெயர்தான், மூன்று பேருக்கும் ஒரே மொபெட்.) குதிரை ஓடுகிற தாளத்தில் கிட்டார் அடித்து ஆண்டவரைப் பாடுகிற கன்ட்ரி ராக் எங்களுடையது. திருநெல்வேலி டவுண் ரதவீதியில் வாங்கிய வெயில் தொப்பிதான் கௌபாய் தொப்பி. ஆலயத்துக்குள் ஆண்கள் தொப்பி போடக்கூடாது என்பார்கள், கழற்றுவோம். பூட்ஸை வாசலில் விடு என்பார்கள், விடுவோம். கடைசியில் வெறுங்காலும் வெறுந்தலையுமாக நின்று புழுதிச் சாலையைப் பற்றி உருகுவோம். அப்படியும் முதல் ஆல்பம் நன்றாகவே போனது.

இரண்டாவது ஆல்பம் ‘வனாந்தரச் சாலை’. அதற்குள் நான் செல்வினின் தங்கை மெர்சியைக் கட்டியிருந்தேன். பாட்டு எழுதுவது செல்வின், பாடுவது செல்வின், அட்டையில் நடுவில் நிற்பதும் செல்வின். தலைப்புப் பாட்டின் நடுவே, குரல் ஓய்ந்து கிட்டார் மட்டும் தனியே பேசும் சோலோ ஒன்றுதான் என்னுடையது. விரல் தோல் உரிய உரிய நான் செதுக்கியது. ஊரெல்லாம் அதைப் பற்றிப் பீற்றியிருந்தேன். பதிவு முடிந்ததும், மீதி வேலையை செல்வின் பார்த்துக்கொள்வான் என்று நம்பி மதுரையில் இருந்த என் வேலைக்குத் திரும்பினேன். முட்டாள்.

நான் போன பிறகு மாமா ஸ்டுடியோவுக்கு வந்திருக்கிறார். மாமா என்றால் என் மாமனார், செல்வினின் அப்பா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆல்பத்துக்கு ஒரு ஜெபம் வேண்டுமல்லவா? தலைப்புப் பாட்டை ஓடவிடச் சொல்லிவிட்டு மைக் முன்னால் நின்றிருக்கிறார். பாட்டில் குரல் இல்லாத இடம் வந்தது. ஆரம்பித்துவிட்டார். செல்வின், ராஜன், சவுண்ட் இன்ஜினியர் மூவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். திறந்தபோது என் சோலோ முழுவதும் முடிந்து, அதன் மேல் ஜெபம் பதிவாகியிருந்தது.

எனக்கு ஒரு வார்த்தை? மூச்சுவிடவில்லை, படுபாவிகள்.

வெளியீட்டு விழா, அம்பாசமுத்திரம் பக்கத்தில் மாமாவின் ஊர்ச் சபையில். அன்று அசனப் பண்டிகை, சபையே கூடிச் சாப்பிடுகிற விருந்து. வெளியே பெரிய அண்டாக்களில் ஊருக்கே கறிச்சோறு வெந்துகொண்டிருந்தது. ஐயர் (எங்கள் பக்கம் குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) சிடியைத் தூக்கிக் காட்டினார். தலைப்புப் பாட்டு ஸ்பீக்கரில் ஓடியது. என் இடம் வந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திச் சபையைப் பார்த்தேன். முதல் நான்கு சுரம் வந்தது.

"அன்பின் பரலோகப் பிதாவே..."

மாமாவின் குரல். மேடையில் மாமா வாயை மூடிக்கொண்டு நிற்கிறார், குரல் ஸ்பீக்கரில் வருகிறது. சபை அதையெல்லாம் பார்க்குமா? ஜெபம் என்றதும் மொத்தச் சபையும் தலை குனிந்து கண்ணை மூடிவிட்டது. அடியில் எங்கேயோ என் கிட்டார் கொசு மாதிரி கேட்டது.

"நிறுத்துங்கவே!" என்று கத்தினேன். ஆலயம் அதிர்ந்தது. ஒருவர்கூடக் கண்ணைத் திறக்கவில்லை.

"லே, ஜெபம் நடக்குல்லா!" என்று கண்ணை மூடியபடியே செல்வின் என் கையைப் பிடித்து அழுத்தினான்.

மாமா நாட்டுத் தலைவர்களுக்காக ஜெபித்தார், மழைக்காக ஜெபித்தார், இந்த ஆல்பத்தைக் கேட்கிற செவிகளுக்காக ஜெபித்தார். அவர் முடிக்கவும் சோலோ முடியவும் சரியாக இருந்தது. சபையே "ஆமென்" என்றது. சொல்லவே வாய் கூசுகிறது, நானும் "ஆமென்" என்றேன். பழக்கதோஷம்.

பந்தி ஓரத்தில் செல்வினை மடக்கினேன். "அத வெட்டுலே."

"ஜெபத்தயா? என் கைய வெட்டச் சொல்லு, வெட்டுதேன். அதுவுமில்லாம அங்கன சும்மா கிட்டார்தானலே ஓடிட்டு இருந்துச்சு."

சும்மா கிட்டார்! என் கையில் இருந்த இலையைக் கிழித்து அவன் காலடியில் போட்டேன். இனி உன் பாட்டுக்குக் கம்பியைத் தொட்டால் நான் மனுஷன் இல்லை என்று கத்திவிட்டு, அசனம் சாப்பிடாமல் வெளியேறினேன். எங்கள் பக்கம் சபையை விட்டுப் போனால்கூட மன்னிப்பார்கள், அசனத்தை விட்டுப் போனால் மன்னிக்க மாட்டார்கள். யோர்தான் ரைடர்ஸ் அன்றோடு தீர்ந்தது.

சாயங்காலம் மாமா என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று விறைப்பாக நின்றேன்.

"மாப்ளே, ஆல்பம் நல்லா வந்திருக்கு. ஜெபத்துக்குப் பின்னால என்னமோ ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. அதக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லியிருக்கலாம்."

அந்த மனிதரை என்ன சொல்ல? மெர்சி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கொஞ்ச நாளில் ஸ்டுடியோக் கம்ப்யூட்டர் பழுதாகி, ஜெபம் இல்லாத பதிவும் போய்விட்டது. வீம்பில் நான் அந்த சோலோவை அப்புறம் தொடவே இல்லை.

போன மாதம், கிட்டார் கற்றுக்கொள்ளும் என் மகள், "அப்பா, சிடியக் கேட்டு ஒங்க சோலோவ எடுத்துட்டேன்" என்று வந்தாள். வாசித்தாள். நான்கு சுரம், நிறுத்தம். மூன்று சுரம், நிறுத்தம். மறுபடி இரண்டு.

"ஏட்டி, ஏன் நிறுத்தி நிறுத்தி வாசிக்க?"

"அங்கனயெல்லாம் தாத்தா ஜெபம் பண்ணுதாங்கல்லா. அவங்க மூச்சு விடுத எடத்துல கேட்டததான் எடுத்தேன். மீதி என்னப்பா?"

காட்டுகிறேன் பார் என்று கிட்டாரைப் பிடுங்கினேன். முதல் நான்கு சுரம் வந்தது. அதற்கு மேல் விரல் நகரவில்லை. மறுபடி ஆரம்பித்தேன். நான்கு சுரம், அவ்வளவுதான். எத்தனை தடவை பார்த்தும் எனக்கும் அவளிடம் இருந்ததுக்கு மேல் எதுவும் வரவில்லை. அழுகை வந்தது. அதை மறைக்க செல்வினை, ராஜனை, இன்ஜினியரை எல்லாரையும் திட்டித் தீர்த்தேன்.

இப்போதெல்லாம் வீட்டில் நான் எதற்காவது சத்தம் போட்டுவிட்டு மூச்சு வாங்க நிறுத்தினால் போதும்.

"ஏட்டி, அப்பா மூச்சு விடுதாங்க, சட்டுனு வாசி" என்கிறாள் மெர்சி. உள்ளேயிருந்து அந்த நான்கு சுரம் வருகிறது.