எண்பத்தெட்டாம் பக்கத்து விபத்து

இந்த வருஷம் பரண்மேல் ஏறுவதில்லை என்று தீர்மானம் செய்தேன். குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுத்தான் செய்தேன். ஆனாலும் தீர்மானம் தீர்மானம்தான்.

விஷயம் இதுதான். என் மச்சினர் வீடு மாறுகிறார். அவருடைய ஆறு பெட்டிகளை எங்கள் பரணில் வைக்க வேண்டுமாம். அங்கே ஏற்கெனவே என் நான்கு ரேடியோக்கள் குடியிருக்கின்றன. நான்கும் பாடாது. ஒருநாள் உட்கார்ந்து ரிப்பேர் செய்வேன் என்று பத்தொன்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் பரண் காலியாகவில்லை என்றால் மச்சினர் பெட்டிகளைத் தன் மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். காலியானால் ரேடியோக்கள் பழைய இரும்புக்காரர் வண்டிக்குப் போய்விடும். ஆக, ஞாயிறுவரை இழுத்தடித்தால் போதும்.

இழுத்தடிக்க என் கையில் ஒரு பொதுச்சேவை இருந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய ரயில்வே தொழிலாளர்களின் விபத்துப் பதிவேடுகளை ஆவணக் காப்பகத்தில் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள். என்னைப் போன்ற தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தபடியே அந்தக் கோழிக்கிறுக்கலைப் படித்துக் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். ஒருவர் அடித்ததை இன்னொருவர் சரிபார்ப்பார். யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். நான் 112.

ரயில் பெட்டிகளை இணைக்கும்போது இரண்டு விரலை இழந்தவர், கொட்டும் மழையில் தண்டவாளத்தில் வழுக்கியவர் என்று பக்கம் பக்கமாக வருவார்கள். கடைசியில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அந்தக் காலத்து அதிகாரி எல்லாருக்கும் ஒரே வரியைத்தான் எழுதியிருப்பார்: ஊழியரின் சொந்தக் கவனக்குறைவு. மழையையும் அந்த ஆள்தான் பெய்ய வைத்தார் போலிருக்கிறது.

என்னைச் சரிபார்ப்பவர் எண் 47. கொடுங்கோலர். எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு விளக்கேற்றுபவர், கைகாட்டி மரத்தில் ஏறும்போது நாலாவது படி உடைந்து கீழே விழுந்திருந்தார். கணுக்காலில் அடி. நான் வலது கால் என்று அடித்தேன். 47 உடனே குறிப்பு எழுதிவிட்டார்: 'இடது கால். அடிபட்டவர் எழுந்து வந்து கேட்கமாட்டார் என்ற தைரியமா?'

மனைவியிடம் பொருமினேன்.

"யாரோ ரிட்டையர்டு ஹெட்மாஸ்டரா இருக்கணும். வீட்ல யாரும் மதிக்கல போல. அந்தக் கோபத்தை என் மேல காட்டுறாரு."

அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் அடுப்பை அணைத்தாள். சமையலறையில் எப்போதும் போனும் கையுமாகத்தான் இருப்பாள். சீரியல் பார்க்கிறாள் என்று நானும் பெருந்தன்மையாக விட்டிருந்தேன்.

"இடதா, வலதா?" என்றாள்.

"வலதுதான். என் கண்ணு பொய் சொல்லாது."

"சரி, பரண் எப்போ?"

"இன்னும் பதினொரு பக்கம் பாக்கி இருக்கு. செத்தவங்களுக்குச் செய்யற புண்ணியம்மா இது."

"நூறு வருஷம் காத்திருந்தவங்க இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்க மாட்டாங்களா? ஏணியை எடுத்து வச்சிருக்கேன்."

சனிக்கிழமை காலை. பொதுச்சேவை செல்லுபடியாகவில்லை, இனி விபத்துதான் வழி. எனக்கா விபத்துக்குப் பஞ்சம்? நானூறு கைவசம் இருந்தது. ரத்தம் வராத, எலும்பு முறியாத, ஆனால் பத்து நாள் ஓய்வு கேட்கக்கூடிய விபத்து என்று பார்த்தால் அதில் ஒன்றே ஒன்றுதான் தேறியது.

அவள் பின்பக்கம் துணி உலர்த்தப் போன நேரம் பார்த்து ஏணியை மெதுவாகப் படுக்க வைத்தேன். ஒரு காலி டின்னை ஓங்கித் தரையில் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டு "ஐயோ" என்றேன்.

வந்தாள். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள்.

"என்ன ஆச்சு?"

"நாலாவது படில கால் வச்சேன். வழுக்கிடுச்சு. கைல விளக்கு வேற இருந்துச்சா, பிடிமானமே இல்ல."

"விளக்கா? காலைல பத்து மணிக்கா?"

"டார்ச் லைட்டு."

"வீங்கியிருக்கா?"

"வெளியே வீக்கம் தெரியாது. ஆனா அசைச்சா..."

"கடுமையான வலி," என்று அவளே முடித்தாள். "பத்து நாள் ஓய்வு தேவை. அதானே?"

பதிவேட்டில் அப்படியேதான் இருந்தது, ஒரு சொல் மாறாமல்.

ஏணியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தாள். "இதுக்கு மொத்தமே மூணு படிதாங்க."

எண்ணிப் பார்த்தேன். மூன்றுதான்.

"அப்புறம், அவருக்கு அடிபட்டது இடது கால்ல. நான்தான் திருத்திக் கொடுத்தேனே. இப்பவும் வலது காலையே பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க."

விஷயம் மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நாற்பத்தேழு நீயா?"

"ஆமா. ஹெட்மாஸ்டர் இல்ல. வீட்ல யாரும் மதிக்கலைன்னு சொன்னீங்க பாருங்க, அது மட்டும் சரி."

"எப்போ சேர்ந்தே?"

"உங்களுக்கு அறுபத்தஞ்சு பேருக்கு முன்னாடி." அவள் குரல் இறங்கியது. "அடுத்த பக்கத்தை நீங்க இன்னும் தொடவே இல்ல. நான் படிச்சுட்டேன். அந்த மனுஷன் நிஜமா விழுந்தாரு. பத்து நாள் கேட்டாரு, ரெண்டே நாள்தான் கொடுத்தாங்க. மூணாம் நாள் கால் கட்டோட ஸ்டோர் ரூம்ல உட்கார வச்சு சாமான் பட்டியல் எழுத வச்சுட்டாங்க. அன்னிக்கு எனக்குச் சோறே இறங்கல. நீங்க அந்த வலியை எடுத்துப் பரணுக்குப் பயன்படுத்துறீங்க."

வெட்கமாக இருந்தது, நிஜமாகவே. "நான் ஏறுறேன்," என்றேன்.

"கூடாது. அடிபட்டவர் ஏறக் கூடாது. உட்கார்ந்து செய்யற வேலைதான்."

என் மடியில் ஒரு நீள நோட்டையும் பேனாவையும் வைத்தாள். கட்டங்கள் போட்டே வைத்திருந்தாள். அவள் பரணில் ஏறி ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே சொல்ல, நான் எழுதினேன்.

"ரேடியோ, பெரிசு. நிலைமை?"

பாடும் என்று எழுதலாம்தான். ஆனால் 47 சரிபார்ப்பாரே. 'பாடாது' என்று என் கையாலேயே எழுதினேன், நான்கு தடவை. கடைசிக் கட்டத்தை மட்டும் மனசு வராமல் காலியாக விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினரின் ஆறு பெட்டிகளும் வந்தன. இரும்புக்காரர் வண்டியில் என் நான்கு ரேடியோக்களும் போயின. மூன்றாவது, வண்டியில் ஏற்றும்போது லேசாகக் கரகரத்தது போல எனக்குத் தோன்றியது.

சாயங்காலம் நோட்டைத் திறந்தேன். நான்கு ரேடியோவுக்கும் நேரே, நான் காலியாக விட்ட கட்டம் முத்து முத்தான கையெழுத்தில் நிரம்பியிருந்தது.

காரணம்: ஊழியரின் சொந்தக் கவனக்குறைவு.