தானாகச் சுருண்ட தொட்டில் விரிப்பு

வலை பின்னத் தெரிந்தவனுக்கு உலகத்தில் எதையும் பின்ன வரும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பூரணாங்குப்பத்து மீன்பிடிக் குடும்பம். கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி, இழுத்துப் பிடித்துத் தைக்கச் சின்ன வயதிலேயே பழகியவன். (கடலுக்குப் போனால் வாந்தி வரும். அதனால்தான் கரையில் உட்கார்ந்து பழகினேன். அதை யாரிடமும் சொல்லாதீர்கள்.)

என் மனைவி செல்வி கரிக்கலாம்பாக்கத்துக்காரி. நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். சேதராப்பட்டில் எங்கள் இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே கம்பெனி பஸ். பஸ்ஸில் தொடங்கிய பேச்சு கல்யாணத்தில் முடிந்ததும், அவள் அண்ணன் குமார் என்னோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். இரண்டு வருடம். தங்கச்சிக்கு போன் செய்வார். நான் எடுத்தால் வைத்துவிடுவார்.

அப்போதுதான் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. தொட்டில் போடும் அன்று, அத்தை கொண்டுவந்த விரிப்பில்தான் பிள்ளையைக் கிடத்த வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். "ரெண்டு பேருமா வந்துடுங்க" என்று அண்ணி போனில் கூப்பிட்டார். அந்த 'ரெண்டு பேரும்' என்பதைச் செல்வி என்னிடம் மூன்று முறை சொன்னாள். கடை விரிப்பு வேண்டாம், தன் கையாலேயே துனீசியன் குரோஷா என்கிற கொக்கி ஊசிப் பின்னலில் பின்னிக் கொண்டுபோகிறேன் என்றாள்.

சாதாரண குரோஷா ஊசி பேனா நீளம். இது ஒரு முழம் இருக்கும். ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் நூல் கழன்று விழாமல் இருக்க ஒரு குமிழ். செல்வி அதைக் கையில் எடுத்தால் வாய் பார்க்கத் தோன்றும். டிவி பார்த்துக்கொண்டே பின்னுவாள். துணி கோடு போட்ட நோட்டு மாதிரி வரிவரியாக வளரும்.

நூல் வாங்கிய மறுநாளே செல்வி ஈரத் தரையில் வழுக்கி விழுந்து, அவள் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. விசேஷத்துக்குப் பதினைந்து நாள்.

"நான் பின்றேன்" என்றேன்.

"நீயா?"

"வலை பின்ற கைடி இது."

மாவுக்கட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்த்தாள்.

பாடம் ஆரம்பித்தது. முதலில் ஒரு வரிசை சங்கிலி. அது வந்தது. பிறகு ஒவ்வொரு சங்கிலியிலும் கொக்கியை விட்டு ஒரு கண்ணி இழுத்து, எல்லாக் கண்ணியையும் ஊசியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வரும்போது ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். எனக்குப் புரியவில்லை.

"நம்ம கம்பெனி பஸ்ஸுதான்யா இது" என்றாள். "போம்போது எல்லாரையும் ஏத்திக்கினு போவுது. வரும்போது ஒவ்வொருத்தரா எறக்கி வுடுது. அவ்ளோதான். கடைசி ஸ்டாப்புல நிக்கிற ஆள மட்டும் வுட்டுட்டு வந்துடாத."

எந்தப் புத்தகமும் இப்படிச் சொல்லித் தராது. நான் அசந்துபோனேன். அசந்துபோன வேகத்தில், ஒவ்வொரு வரிசையிலும் கடைசி ஸ்டாப்பு ஆளை விட்டுவிட்டு வந்தேன்.

ஐந்தாம் வரிசையில் செல்வி இடது கையால் ஓரத்தைத் தடவினாள். பார்க்கக்கூட இல்லை. "நாலு பேரு ரோட்டுல நிக்கிறாங்க" என்றாள். பிரித்தோம். இப்படி மூன்று முறை.

ஓரத்தைவிட மோசம் என் கை. வலையில் முடிச்சு நழுவினால் மீன் போய்விடும். அதனால் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு வெடுக். என் கைக்கு அதுதான் தெரியும். "லூசா வுடுயா, இதுல வஞ்சிரம் மாட்டப் போறதில்ல" என்று அவள் சொல்லச் சொல்ல, கை தானாக வெடுக்கென்று இழுத்தது. துணி சாக்கு மாதிரி விறைத்தது. அதோடு, கீழ் ஓரத்திலிருந்து பாய் மாதிரி சுருள ஆரம்பித்தது.

நாள் நெருங்க நெருங்க அவளிடம் காட்ட வெட்கமாக இருந்தது. கட்டுப்போட்ட கையோடு அவள் லீவில் இருந்ததால், கம்பெனி பஸ்ஸில், சாப்பாட்டு நேரத்தில் என்று ஒளித்து ஒளித்துப் பின்னி, "முடிஞ்சதும் பாரு" என்று சொல்லிவிட்டேன். (கூடப் போகிறவர்கள் எனக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.) முடிந்தபோது அடியில் ஒரு முழ அகலம், மேலே போகப் போக ஒரு சாண். சுருளுக்கும் வழி கண்டேன்: இரண்டு நாள் அரிசி மூட்டைக்கு அடியில் வைத்தேன். வெளியே எடுத்தால் அப்பளம் மாதிரி தட்டை. செல்வி தடவிப் பார்த்துவிட்டு நீளமாக மூச்சு விட்டாள். "கொண்டு போலாம். வேற வழி?"

கரிக்கலாம்பாக்கத்து வீட்டில் நல்ல கூட்டம். மச்சான் என்னைப் பார்த்தார், தலையைத் திருப்பிக்கொண்டார். அண்ணி குழந்தையைத் தூக்கி வந்தார். செல்வி இடது கையால் விரிப்பைத் தொட்டிலில் விரித்து, தடவி நீவிவிட்டு நிமிர்ந்தாள்.

விரிப்பு அசைந்தது.

காற்று இல்லை, யாரும் தொடவில்லை. கீழ் ஓரம் மெல்ல எழுந்தது, ஒரு சுற்று, இன்னொரு சுற்று, அவசரமே இல்லாமல் தொட்டிலின் தலைமாடு வரை உருண்டு போய் நின்றது. பின்னாலிருந்து ஒரு பெரியவர், "உள்ள எதுனா பூந்துக்கிச்சா பாருங்கப்பா" என்றார்.

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு கட்டுப்போட்ட கை, ஒரு உதவாக்கரை புருஷன், அண்ணன் வீட்டு வாசல் மறுபடி மூடப் போகிறது. அவள் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்ததும் நான் முன்னால் போனேன். "அவ பின்னல. நான் பின்னுனது. அவளுக்குக் கை சரியில்ல."

மச்சான் தொட்டிலுக்குள் கையை விட்டார். சுருளை எடுத்தார், பிரித்தார். விட்டதும் சுருண்டது. மறுபடி பிரித்தார், மறுபடி சுருண்டது. அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. பிறகு, இரண்டு வருடத்தில் முதல் முறையாக, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"இன்னா மாப்ள இது, விரிப்பா தலகாணியா?"

"பின்னும்போது விரிப்புதான் மச்சான்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். வீடே சிரித்தது. செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். ஒரு பழைய வேட்டியை மடித்து விரித்து, சுருளைக் குழந்தைக்குப் பக்கவாட்டில் அணைத்து வைத்தார் மச்சான். "அத்தை வூட்டு சாமான் தொட்டில்ல இருக்கணும், அவ்ளோதான?" குழந்தை அதன்மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தூங்கிப்போனது.

கை சரியானதும் செல்வி ஒரு அசல் விரிப்பு பின்னினாள். ஒரு கண்ணி பிசகவில்லை. அதைப் பீரோவில் வைத்திருக்கிறார்கள். இப்போது பள்ளிக்கூடம் போகிற அந்தப் பெண்ணுக்கோ என் சுருள் இல்லாமல் தூக்கம் வராது. மச்சான் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அழைப்பு இப்போது என் போனுக்குத்தான் வருகிறது. நாள், நேரம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் மறக்காமல் சொல்வார்:

"வெறுங்கையோட வா மாப்ள. ஒண்ணும் பின்னாத."